மனம் சோர்ந்த நாளில் பெரியாற்றுத் தண்ணீரை நினைப்பது

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: எடுத்த காரியமெல்லாம் தவறிப்போய், அலுவலகத்தில் பேச்சும் வாங்கி, வீட்டிலும் முகம் கொடுத்துப் பேச ஆளில்லாமல் படுக்கப் போகும் ஒரு நாளில், ‘உன்னைவிடத் துன்பப்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்களை நினைத்துப் பார்’ என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்; நினைத்துப் பார்த்தால் நன்றி பிறக்கவில்லை, குற்ற உணர்ச்சிதான் கூடுகிறது; அப்படியானால் பிறருடைய தியாகத்தை எண்ணி நன்றி கொள்வது என்பதே வெறும் பேச்சுதானா?

வெறும் பேச்சு இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் உங்களுக்குச் சொல்லப்பட்ட வழி தவறானது. அது நன்றிக்குப் போகும் வழியாக இல்லாமல் ஒப்பீட்டுக்குப் போகும் வழியாக இருக்கிறது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது.

ஒப்பிடும்போது மனம் இரண்டு துயரங்களை அருகருகே வைத்து எது பெரியது என்று அளக்கிறது. உங்கள் துயரம் சிறியது என்று தீர்ப்பு வந்தால், இவ்வளவு சிறிய காரியத்துக்கா இப்படிக் கலங்கினோம் என்ற வெட்கம் மிஞ்சும். கலக்கம் அப்படியே இருக்க, அதன்மேல் வெட்கமும் ஏறிக்கொள்ளும். அதைவிட மோசமான விளைவு ஒன்றும் உண்டு. நல்லவேளை நான் அவர்களில் ஒருவன் இல்லை என்ற நிம்மதி சிலருக்கு வருகிறது. அதையே நன்றி என்று எடுத்துக்கொள்கிறார்கள். பிறருடைய வலியைத் தன் ஆறுதலுக்குப் பயன்படுத்திக்கொள்ளும் அந்த நிம்மதியில் வலிப்பட்டவருக்கு எந்த இடமும் இல்லை. அவர் யார், எதற்காகத் துன்பப்பட்டார், அதனால் நமக்கு என்ன வந்தது என்ற கேள்விகளே அங்கு எழுவதில்லை. நன்றி என்பது எழ வேண்டுமானால் நம் கையில் ஏதோ ஒன்று வந்து சேர்ந்திருக்க வேண்டும், அது வேறொருவருடைய உழைப்பாலோ இழப்பாலோ வந்தது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். முன்பின் தொடர்பில்லாத ஒருவருடைய துன்பத்தை நினைத்தால் இரக்கம் வரலாம்; நன்றி வர வழியில்லை. ஆகவே உங்களுக்கு நன்றி பிறக்காதது உங்கள் மனத்தின் குறையாக எனக்குப் படவில்லை. கையில் இருப்பதிலிருந்து கொடுத்தவர் வரை செல்லும் பாதையை யாரும் உங்களுக்குக் காட்டவில்லை என்பதுதான் காரணம்.

உளவியல் ஆய்வுகளும் ஏறத்தாழ இந்தத் திசையையே காட்டுகின்றன. ராபர்ட் எமன்ஸ், மைக்கேல் மெக்கல்லா என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக்குரியவற்றைத் தொடர்ந்து எழுதிவந்தவர்கள், தொல்லைகளை எழுதிவந்தவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நிறைவாக உணர்ந்தார்கள். பின்னர், பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய தொகுப்பாய்வுகள் அந்தப் பலன் மிதமானதே என்று சொல்கின்றன. அது சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு அதைவிடப் பயனுள்ளதாகத் தோன்றுவது 2008-இல் வெளிவந்த மற்றொரு ஆய்வு. மின்கியுங் கூ, சாரா ஆல்கோ, டிமோதி வில்சன், டேனியல் கில்பர்ட் ஆகியோர் செய்தது. தமக்கு நேர்ந்த நல்லதொன்றை அது நேர்ந்தது என்று எண்ணிப் பார்த்தவர்களைவிட, அது நேராமலே போயிருக்கக்கூடிய வழிகளை எண்ணி எழுதியவர்களுக்கு மனநிலை கூடுதலாக மேம்பட்டது. இருப்பதை எண்ணி மகிழ்வது எளிதில் பழகிப்போய்விடுகிறது. அது இல்லாதிருந்தால் என்று எண்ணும்போதுதான், எத்தனை தற்செயல்களும் எத்தனை மனிதர்களும் சேர்ந்து அது நம்மிடம் வந்தது என்று தெரிகிறது.

இதைப் பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் உங்களுக்கு உதவாது. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். மதுரைக்காரர்கள் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரில் பெரியாற்றுத் தண்ணீர் கலந்திருக்கிறது. அது அங்கே வந்திருக்கவே கூடாத தண்ணீர். பெரியாறு மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து மேற்கே ஓடி அரபிக்கடலில் சேரும் ஆறு. தென்மேற்குப் பருவமழையை மலை தன் மேற்குச் சரிவிலேயே பெரும்பாலும் வாங்கிக்கொள்வதால், கிழக்கே கம்பத்திலிருந்து இராமநாதபுரம் வரை உள்ள நிலம் மழை மறைவில் கிடந்தது. வைகை வருடத்தில் பல மாதம் மணலாகவே கிடக்கும் ஆறு. ஒரே மலையின் ஒரு பக்கம் வெள்ளம் கடலுக்குப் போய்க்கொண்டிருக்க, மறுபக்கம் கண்மாய்கள் வறண்டு கிடந்தன.

அந்த ஆற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற எண்ணம் ஆங்கிலேயருக்கு முன்பே இங்கே இருந்தது. இராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் பிரதானியாக, அதாவது தலைமை அமைச்சராக, இருந்த முத்திருளப்ப பிள்ளை, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆட்களை மலைக்கு அனுப்பி வழி பார்த்தார். செலவு தாங்காது என்று அது நின்றுபோயிற்று. 1808-இல் கால்டுவெல் என்ற பொறியாளர் பார்வையிட்டு, இது வீண் கனவு என்ற வகையில் அறிக்கை கொடுத்தார். 1850-இல் சிறிய அளவில் ஒரு முயற்சி தொடங்கி, அதுவும் நின்றது. நின்ற காரணத்தைக் கவனியுங்கள்: அந்தக் காட்டில் உடம்பு தாங்காது, கூலியைக் கூட்டிக் கொடுத்தால்தான் வேலை என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். அந்த இடம் ஆளைக் கொல்லும் என்பது மண்வெட்டி பிடித்தவர்களுக்கு 1850-இலேயே தெரிந்திருந்தது.

அதன் பிறகு வந்தது 1876 முதல் 1878 வரை நீண்ட பெரும் பஞ்சம். நம் ஊர்ப் பக்கம் தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் சொல்லும் அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். மழை பொய்த்தது ஒரு காரணம்; சாகும் மக்கள் கண்முன்னே தானியம் வெளியே ஏற்றுமதியானது இன்னொரு காரணம். அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் பெரியாற்றுத் திட்டத்துக்கு மீண்டும் உயிர் வந்தது. 1882-இல் திட்டத்தைத் திருத்தி மதிப்பீடு செய்யும் பொறுப்பு ஜான் பென்னிகுவிக் என்ற ஆங்கிலேயப் பொறியாளரிடம் கொடுக்கப்பட்டது. 1886 அக்டோபர் 29-இல் அந்த மலைப்பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் சமஸ்தானத்துடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1887-இல் கட்டுமானம் தொடங்கி, 1895-இல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டது. ஆற்றுப்படுகையிலிருந்து 155 அடி உயரமும் ஏறத்தாழ 1,200 அடி நீளமும் கொண்ட அந்த அணை, சிமென்ட் இல்லாமல், கல்லும் சுண்ணாம்பும் சுட்ட செங்கல் தூளான சுர்க்கியும் கொண்டு எழுப்பப்பட்டது. மலையைக் குடைந்து ஒரு மைலுக்குச் சற்றுக் கூடுதலான நீளத்துக்குச் சுரங்கம் வெட்டி, அதன் வழியே தண்ணீரைக் கிழக்கே இறக்கினார்கள்.

இவ்வளவும் பள்ளிப் பாடத்தில் வரக்கூடியவை. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இருப்பது வேலை நடந்த விதத்தில். கடல்மட்டத்துக்கு மேலே 2,800 அடிக்கும் அதிகமான உயரத்தில், யானையும் அட்டையும் மழையும் நிறைந்த காட்டில் அந்த வேலை நடந்தது. ஓடிக்கொண்டிருக்கும் ஆற்றை ஒதுக்கி நிறுத்தினால்தான் அடித்தளம் போட முடியும் என்பதால் தற்காலிகக் கரைகளைப் போட்டார்கள், வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போயிற்று, மறுபடியும் போட்டார்கள், மறுபடியும் போயிற்று. பொருள்கள் கீழே கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மாட்டு வண்டியில் மலையேறின. மதுரைச் சீமையின் கூலியாட்களோடு, சென்னைப் படையில் பாதை போடுவது போன்ற கட்டுமான வேலை செய்யும் பயனியர் பிரிவினரும், கொச்சியிலிருந்து வந்த போர்ச்சுகீசியத் தச்சர்களும் வேலை செய்தார்கள். அவர்களில் வெள்ளத்தைவிடக் கூடுதலான பேரைக் கொண்டுபோனது காய்ச்சல்.

அந்தக் காய்ச்சல் மலேரியா. அது கொசுவின் மூலம் பரவுகிறது என்பதை ரொனால்டு ராஸ் செகந்திராபாதில் கண்டறிந்தது 1897 ஆகஸ்ட் மாதத்தில். அணை முடிந்து 2 ஆண்டுகள் கழித்து! ஆக, அந்தக் காட்டில் கூடாரத்தில் படுத்தவர்களுக்கும் அவர்களுக்கு மருத்துவம் பார்த்தவர்களுக்கும் எது தங்களைக் கொல்கிறது என்பது தெரியாது. கெட்ட காற்று என்று நினைத்தார்கள். காட்டுத் தண்ணீர் என்று நினைத்தார்கள். மாலையில் காதோரம் பாடிய கொசுவை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. நோயால் இறந்தவர்களாகப் பொதுவாகக் குறிப்பிடப்படும் எண்ணிக்கை 483. அணைக்கு வடக்கே அவர்களைப் புதைத்த இடம் இருக்கிறது. உடம்பில் காய்ச்சலை ஏற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்பி, அங்கே இறந்தவர்களைச் சேர்த்தால் அந்த எண் என்னவாகும் என்பதை ஒவ்வொருவரும் தாமே எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பென்னிகுவிக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேனி மாவட்டத்தில் வீட்டுச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படம் இருப்பதையும், பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைக்கப்படுவதையும், ஜனவரி 15-இல் அவர் பிறந்தநாள் பொங்கலோடு சேர்ந்து வருவதால் பாலார்பட்டி மக்கள் அவருக்கென்றே பொங்கல் வைப்பதையும் நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். கூடலூரை அடுத்த மலையடிவாரத்து லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் 2013-இல் திறக்கப்பட்டது. அவர் 1841-இல் புனேயில் பிறந்தவர். எட்டாவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு, 1849 ஜனவரி 13-இல், பஞ்சாபில் நடந்த சிலியான்வாலா போரில் தந்தையையும் அண்ணனையும் ஒரே நாளில் இழந்தவர். அணைக்காகத் தன் சொத்தையெல்லாம் விற்றார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அணை சென்னை அரசாங்கத்தின் பணத்தில் கட்டப்பட்ட அரசுத் திட்டம். அந்தக் கதை இல்லாமலே அவர் செய்தது பெரியது. வெள்ளம் திரும்பத் திரும்பக் கரையை உடைத்த இடத்தில், இது முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போக எல்லா வாய்ப்பும் இருந்தும், அவர் தங்கி முடித்தார். நன்றியுள்ளவர்கள் நன்றிக்குரியவருடைய கதையைப் பெரிதாக்குவது இயல்புதான். ஆனாலும் உண்மையாக நடந்ததே போதுமானதாக இருக்கும்போது அதன்மேல் ஏற்றிச் சொல்வது, அவரையும் தூரமாக்கி, நம் நன்றியையும் தளர்த்திவிடுகிறது என்றே நான் கருதுகிறேன்.

இனி உங்கள் கேள்வியின் கடினமான பகுதிக்கு வருகிறேன். பென்னிகுவிக் செய்ததைத் தியாகம் என்று சொல்வதில் யாருக்கும் தயக்கம் இருக்காது. அவர் தேர்ந்தெடுத்துச் செய்தார். காய்ச்சலில் இறந்த கூலியாள் எனக்காகவோ உங்களுக்காகவோ மலை ஏறவில்லை. பஞ்சத்தில் வாழ்ந்து தப்பிய தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். கூலிக்காக, பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும் என்பதற்காக ஏறினார். கூலி கூட்டிக் கேட்டு 1850-இல் வேலையை நிறுத்த முடிந்தவர்களின் பேரப்பிள்ளைகள், பஞ்சத்துக்குப் பிறகு அப்படிக் கேட்கும் நிலையில் இருந்திருப்பார்களா என்பதே எனக்குச் சந்தேகம். அவர்கள் தாமாக முன்வந்து உயிரைக் கொடுத்தார்கள் என்று மேடையில் பேசினால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கட்டாயத்தில் பறிபோனதை, விரும்பிக் கொடுத்ததாகச் சொல்லும் பேச்சு அது. அணையால் இழந்தவர்கள் வேறு சிலரும் இருக்கிறார்கள். இன்று தேக்கடியில் படகு ஓடும் ஏரி விரிந்து கிடக்கும் காட்டுப் பகுதி மன்னான், பளியர் என்ற பழங்குடிகள் வாழ்ந்துவந்த இடம்; பின்னாளில் அவர்கள் குமுளியை ஒட்டிய குடியிருப்புகளுக்கு நகர்த்தப்பட்டார்கள். அவர்களை யாரும் கேட்டுச் செய்யவில்லை. அவர்களுக்கு வயலும் கிடைக்கவில்லை, வைகைத் தண்ணீரும் கிடைக்கவில்லை.

அப்படியானால் இவர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டவர்கள்தானா? ஆம் என்றே நான் எண்ணுகிறேன். கடன் என்பது கொடுத்தவருடைய நோக்கத்தைப் பொறுத்தது மட்டும் இல்லை. அவருடைய உடம்பும் இடமும் செலவாகி, அந்தச் செலவில் விளைந்தது என் வீட்டில் வந்து நிற்கிறது என்றால் நான் கடன்பட்டவன்தான். ஆனால் இந்தக் கடனை நினைக்கும்போது வரும் நன்றி, இனிப்பான உணர்வாக வராது. அதில் ஓர் உறுத்தல் கலந்திருக்கும். நீங்கள் குற்ற உணர்ச்சி என்று எழுதியிருந்தது, ஒருவேளை, இந்த உறுத்தலின் தொடக்கமாகவும் இருக்கலாம். அதை விரட்ட வேண்டாம் என்பேன். குற்ற உணர்ச்சி நம்மையே சுற்றிச் சுற்றி வரும்: நான் எவ்வளவு மோசமானவன், எனக்கு இதற்குத் தகுதி உண்டா என்று. உறுத்தல் அடுத்தவர் பக்கம் திரும்பினால் கேள்வியாகும்: அவர் யார், அவருக்கு என்ன கிடைத்தது, இன்று அவர் இடத்தில் நிற்பவர் யார் என்று. கேள்வி கேட்கத் தொடங்கிய மனம், தன் நாளின் தோல்வியைப் பற்றிக்கொண்டிருந்த பிடியைச் சற்றுத் தளர்த்துகிறது. துயரம் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. அறையில் உங்களோடு அது மட்டும்தான் இருக்கிறது என்ற நிலை மாறும்.

இனி, நீங்கள் எழுதியிருப்பதைப் போன்ற ஒரு நாளில் இதை எப்படிச் செய்வது என்று பார்க்கலாம். முதலில், உங்கள் துயரத்துக்கு உரிய இடத்தைக் கொடுங்கள். மேலதிகாரி எல்லோர் முன்னிலையிலும் பேசியது வலித்தது என்றால் அது வலித்ததுதான். அதைச் சிறுமைப்படுத்திவிட்டு நன்றிக்குப் போக முயன்றால், அமுக்கப்பட்ட வலி நன்றியையும் சேர்த்துக் கசக்க வைத்துவிடும். பிறகு, கையில் இருக்கும் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பொருளைப் பட்டியலிட வேண்டியதில்லை. பட்டியல் நீளும்போது ஒவ்வொன்றின் முகமும் மங்கிவிடும். ஒரு சொம்புத் தண்ணீர் போதும். அது இல்லாதிருந்தால் என்று பின்னோக்கி எண்ணிக்கொண்டே போங்கள். மதுரையில் இருந்தால் வைகை அணை. அதை 1959-இல் திறந்தார்கள். அதற்கு மேலே சுருளியாறு, லோயர் கேம்ப், மலைக்குள்ளே சுரங்கம், தேக்கடித் தலைமதகு, அணை, அணைக்கு முன்னால் உடைந்துபோன கரைகள், அந்தக் கரையில் மண் கொட்டிய ஒருவர். அந்த ஒருவர் வரை போய் நில்லுங்கள். அவருக்குப் பெயர் தெரியாது. ஆனால் அவருக்கு ஓர் ஊர் இருந்தது, குளிர்காய்ச்சலில் நடுங்கியபோது அவர் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார். ஆயிரக்கணக்கானோர் என்ற எண்ணை நினைத்து நன்றி கொள்ள மனித மனத்தால் முடிவதில்லை. ஒருவரை நினைத்து முடியும்.

இதைச் செய்யும்போது கண்ணீர் வர வேண்டும், நெஞ்சு நிறைய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல நாள் ஒன்றும் வராது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுபவர், மடை திறந்தவுடன் கடைமடை நனையும் என்று எதிர்பார்ப்பதில்லை. வாய்க்கால் மண் முதலில் குடிக்கும், பிறகுதான் தண்ணீர் நகரும். அதுபோல, வறண்ட மனமும் முதலில் தனக்கே வாங்கிக்கொள்கிறது.

அடுத்ததாகச் செய்ய வேண்டியதை மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இறந்தவர்களுக்கு நன்றியைத் திருப்பிக் கொடுக்க இயலாது; அதைப் பெறும் உரிமை அவர்கள் இடத்தில் இன்று நிற்பவர்களுக்கு வருகிறது. பெரியாற்றுத் தொழிலாளி, எது தன்னைக் கொல்கிறது என்று தெரியாமல் இறந்தார். இன்று பாதாளச் சாக்கடைக்குள் இறங்குபவரை எது கொல்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், நச்சுவாயு. மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்து 2013-இல் சட்டம் வந்தது. கழிவுநீர்க் குழியில் இறப்பவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டமும் இருக்கிறது, தீர்ப்பும் இருக்கிறது, சாவும் தொடர்கிறது. நம் வீட்டுத் தொட்டி நிறைந்தால் ஆளை இறக்காமல், இயந்திரம் கொண்டு வருபவர்களைத்தான் கூப்பிடுவேன் என்று முடிவெடுப்பதும், தெருவில் யாராவது ஆளை இறக்க முனைந்தால் தடுத்துப் பேசுவதும் நன்றியின் செயல்கள்தான். புயல் நாளில் மின்கம்பத்தில் ஏறும் மின்வாரியத் தொழிலாளிக்கு ஒரு டம்ளர் தேநீர் கொடுப்பது அதைவிட எளியது. ஆனால் அவருக்குக் கையுறையும் இடுப்புப் பட்டையும் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்பது தேநீரைவிடப் பெரியது. கெட்ட நாளில் ஒருவருக்குப் பயன்படும்படி ஒன்றைச் செய்தவர், அன்றைக்கு நான் எதற்கும் உதவாதவன் என்று தன்னைப் பற்றி முடிவு கட்டுவது கடினம். உங்களுக்கு வந்திருக்கும் சோர்வின் அடியில் அந்த முடிவுதான் இருக்கிறது என்பது நீங்கள் எழுதிய விதத்திலிருந்து எனக்குத் தோன்றியது. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். ஒரு நாள், இரண்டு நாள் என்று இல்லாமல் வாரக்கணக்கில் இந்தக் கனம் இறங்காமல் இருந்தால், தூக்கமும் பசியும் போய், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால், அது நன்றியால் தீர்க்க வேண்டிய காரியம் இல்லை. மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. அதில் தமிழிலும் பேசலாம். நன்றியில்லாதவன் என்பதால்தான் எனக்கு இப்படி இருக்கிறது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

உங்கள் பிள்ளைகளுக்கும் இதைக் கற்றுத்தர முடியுமா என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். முடியும், ஆனால் ‘அந்தக் காலத்தில் நாங்கள் பட்ட பாடு தெரியுமா’ என்று தொடங்கினால் முடியாது. அது நாம் இவ்வளவு நேரம் பேசிய அதே ஒப்பீடு. வாய்ப்புக் கிடைத்தால் கம்பம் பள்ளத்தாக்குக்கு ஜூன் மாதத்தில் அழைத்துப் போங்கள். வழக்கமாக அந்த மாதத் தொடக்கத்தில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள். லோயர் கேம்பில் இரைச்சல் பாலத்தில் நின்றால் பேசுவது காதில் விழாது. அங்கிருந்து கூடலூர், கம்பம், உத்தமபாளையம் என்று வந்தால், இருபோகம் நெல் விளையும் 14,707 ஏக்கரின் நாற்றங்கால்கள் தெரியும். இங்கிருந்து மேலூர்க் கடைமடை வரை, தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் என 5 மாவட்டங்கள் இந்தத் தண்ணீரை நம்பியிருக்கின்றன என்று சொல்லிவிட்டு, பென்னிகுவிக் மண்டபத்தைக் காட்டுங்கள். இதைக் கட்டிய மற்றவர்கள் எங்கே என்று பிள்ளை கேட்டால் மிக நல்லது. கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

நீங்கள் எந்த ஊர் என்று குறிப்பிடவில்லை. காவிரித் தண்ணீர் குடிக்கும் ஊராக இருந்தால் மேட்டூரைப் பற்றித் தேடிப் படியுங்கள். 1934-இல் முடிந்த அந்த அணைக்காக ஊர்கள் மூழ்கின, நீர்மட்டம் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில் பண்ணவாடியில் பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும், அந்த ஊர்களை விட்டு எழுந்து போனவர்களின் வாரிசுகள் இன்றும் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறார்கள். மின்விளக்கிலிருந்து தொடங்க விரும்பினால், நிலத்தைக் கொடுத்துவிட்டுப் பெயர்ந்த நெய்வேலிக் கிராமங்களிலிருந்து தொடங்கலாம். மாவட்ட விவரங்களை அரசு தொகுத்த கெசட்டியர் நூல்கள் பெரும்பாலும் பொறியாளர் பெயரையும் செலவுத் தொகையையும்தான் சொல்லும். கூலியாட்களையும் ஊரிழந்தவர்களையும் பற்றி அறிய உள்ளூர் முதியவர்களிடம் கேட்க வேண்டியிருக்கும். அதற்கும் முன்னதாக, நாளைக் காலையே செய்யக்கூடிய ஒன்று உண்டு. உங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுபவர் ஒருவர் இருக்கிறார். கிராமமானால் மேல்நிலைத் தொட்டி இயக்குபவர், நகரமானால் வால்வு திறக்க வருபவர். அவருடைய பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், எத்தனை மணிக்கு எழுந்து வருகிறார், சம்பளம் மாதாமாதம் ஒழுங்காக வருகிறதா என்று கேளுங்கள், வரவில்லை என்றால் அடுத்த கிராம சபையிலோ வார்டு கூட்டத்திலோ அதை எழுப்புங்கள்.